சகாயிங்குக்கு நான் கொண்டுபோன இருபது மூட்டை அரிசி

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். மியான்மரின் யாங்கோன் நகரில், பயிந்நவுங் சந்தையில் நான் கணக்கு எழுதும் பருப்பு மண்டியில், உத்திரத்தில் தொங்கும் பழைய தராசு யாரும் தொடாமலே ஆட ஆரம்பித்தது. முதலில் எனக்குத்தான் தலைசுற்றல் என்று நினைத்தேன். அப்புறம் உளுந்து மூட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த பையன் குதித்து இறங்கி வெளியே ஓடினான், எல்லோரும் ஓடினோம். எங்கள் பக்கம் ஆடியதோடு சரி, ஒன்றும் விழவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் போனில் படங்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் நாட்டின் நடுப்பகுதி ஊர்கள்: மாண்டலே, சகாயிங், நேப்பிடோ, பியோப்வே. ரம்ஜான் மாதத்துக் கடைசி வெள்ளித் தொழுகையில் நின்றவர்கள் மேல் பள்ளிவாசல்கள் விழுந்திருந்தன. நிலநடுக்கம், அளவு 7.7 என்றார்கள். சாவு 3,600க்கும் மேலே போனது அப்புறம் தெரிந்த கணக்கு. அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் நான் தனியாக ஒரு லாரியில் ஏறி சகாயிங்குக்குப் போனேன். போய் என்னென்ன தப்பு செய்தேன், எவ்வளவு பணம் வீணாக்கினேன், யாருக்கு எவ்வளவு தொந்தரவாக இருந்தேன் என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். எழுதப் பல மாதம் ஆகிவிட்டது. எனக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் குறைந்தது முப்பது லட்சம் சாட் (சாட் எங்கள் நாட்டுப் பணம்) மிச்சமாகியிருக்கும், நாலு குடும்பம் மழையில் நனையாமல் இருந்திருக்கும். நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும் வயசில் இருக்கிற பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருடைய குடியுரிமை அட்டையும் நீலம். 1982 குடியுரிமைச் சட்டப்படி முழுக் குடிமக்களுக்கு ரோஜா நிற அட்டை, எங்களைப் போல அடுத்த வகையில் வருகிறவர்களுக்கு நீல அட்டை. இந்த நீல அட்டைக்காரரைக் குறிக்கும் பர்மியச் சொல்லை அப்படியே தமிழில் சொன்னால் ‘விருந்தாளிக் குடிமகன்’ என்று வரும். என் கொள்ளுத்தாத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது லட்சக்கணக்கான ஜனங்களோடு நடந்தே எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்குப் போனார், வழியில் ஒரு பெண் குழந்தையைப் பறிகொடுத்தார், சண்டை முடிந்ததும் திரும்பி இங்கேயே வந்தார். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு 50 சாட், 100 சாட் நோட்டுகளும் செல்லாது என்றானபோது தாத்தாவின் தம்பி குடும்பம் மதராஸுக்குக் கப்பலேறியது. தாத்தா போகவில்லை. இத்தனைக்கும் அப்புறம் நாங்கள் விருந்தாளிகள். நாங்கள் மண்டியில் இன்றைக்கும் வீசைக் கணக்கில்தான் நிறுக்கிறோம், ஒரு வீசை 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வெள்ளைக்காரன் ‘விஸ்’ என்று எழுதி வைத்தது நம்முடைய இந்த வீசையைத்தான். இந்த ஊர்த் தராசுக் கணக்கிலேயே எங்கள் பாஷை கலந்திருக்கும்போது நாங்கள் எப்படி விருந்தாளி ஆவோம் என்று சின்ன வயசிலிருந்தே எனக்கு ஒரு கோபம் உண்டு.

அதனால் மாமா சொன்ன வார்த்தை என்னைச் சுட்டது. “ஏம்மா, நமக்கு எதுக்கும்மா இது? அவங்க ஊரு, அவங்க பாத்துக்குவாங்க. நம்ம பொழப்ப பாப்போம்” என்றார். மாமா கெட்டவர் இல்லை. அவர் ரெண்டு தடவை எல்லாவற்றையும் இழந்தவர். ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. “இதுவும் நம்ம ஊருதான் மாமா” என்று மட்டும் சொன்னேன்.

அண்ணனை அனுப்ப முடியாது. அவருக்கு வயசு 31. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததிலிருந்து 18 முதல் 35 வரை உள்ள ஆண்பிள்ளை யாரையும் வீட்டில் வெளியூர் அனுப்புவதில்லை. என் கூடப் படித்த பையன்களில் பாதிப் பேர் பாங்காக்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். பெண்களுக்குச் சட்டத்தில் 27 வரைதான், எனக்கு 29. அப்போதுகூட பெண்களைக் கூப்பிட ஆரம்பிக்கவில்லை. ஆகவே ‘நான் போகிறேன்’ என்றேன். கூட வருவதாகச் சொன்ன ரெண்டு தோழிகளை அவர்கள் வீட்டில் விடவில்லை. தனியாகவே போவது என்று பிடிவாதம் பிடித்தேன், அந்தப் பிடிவாதத்துக்கு அப்போது நான் வைத்திருந்த பேர் நாட்டுப்பற்று.

பணம் சேர்ந்தது ஆச்சரியம். என் சேமிப்பு 11 லட்சம், சொந்தக்காரர், மண்டி ஆட்கள், கோயில் பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் எல்லோருமாகக் கொடுத்தது 53 லட்சம், ஆக 64 லட்சம் சாட். அப்போது வெளிச்சந்தையில் ஒரு டாலர் 4,400 சாட் அளவில் இருந்தது, அதனால் வெளிநாட்டுக்காரருக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது. என் சம்பளம் மாசம் 5 லட்சம் என்று சொன்னால் புரியும். ஞாயிறும் திங்களும் சாமான் வாங்கினேன். அரிசி 20 மூட்டை 19 லட்சம், நூடுல்ஸ் 8 லட்சம், தண்ணீர் பாட்டில் 6 லட்சம், மருந்து 4 லட்சம். கூடவே நாலு தெருவில் வீடு வீடாகச் சேர்த்த பழைய துணி 14 மூட்டை. தார்ப்பாய் ஆறே ஆறு, அதுவும் சாமான் மேல் மூடுவதற்காக வாங்கியது. இந்தப் பட்டியலை எழுதும்போது நான் சகாயிங்கில் ஒரே ஒரு ஆளுக்குக்கூட போன் போட்டு “உங்களுக்கு என்ன வேண்டும்” என்று கேட்கவில்லை. லைன் கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் நான் முயற்சி செய்யவே இல்லை என்பதுதான் உண்மை. என் மனசில் ஒரு படம் இருந்தது, பசியோடு இருக்கிறவர்களுக்கு நான் அரிசி கொடுப்பது மாதிரி. அந்தப் படத்துக்குத் தகுந்த மாதிரி சாமான் வாங்கினேன்.

லாரியில்தான் முதல் அடி. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒரு புரோக்கர் நம்பர் கொடுத்தார். எல்லோரும் வடக்கே போக வண்டி தேடும் நேரம், இப்போதே 9 லட்சம் அட்வான்ஸ் போட்டால்தான் வண்டி நிற்கும் என்றான். திங்கள் ராத்திரி போனிலேயே அனுப்பிவிட்டேன். செவ்வாய் காலை ஆறு மணிக்கு வண்டி வர வேண்டும். எட்டு மணிக்கு அவன் போன் ஆஃப். பத்து மணிக்கும் ஆஃப். நான் மூட்டைகளுக்கு நடுவில் வாசப்படியில் உட்கார்ந்திருந்தேன், அப்பா ஒன்றுமே சொல்லாமல் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மற்றவர்கள் நம்பிக் கொடுத்த காசு, ஒரு ஜாதகம்கூடத் தெரியாத ஆளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இதில் கொடுமை என்னவென்றால் நான் வேலை செய்வதே பயிந்நவுங்கில். வடக்கே மேல் பர்மாவிலிருந்து உளுந்தும் துவரையும் ஏற்றிக்கொண்டு தினமும் லாரி வருகிற இடம் அது, இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும்போது பாதி வண்டி காலியாகத்தான் போகும். எங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். செவ்வாய் மத்தியானம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சகாயிங் பிரதேசத்து மோன்யுவாவிலிருந்து சரக்கு கொண்டுவந்த ஒரு டிரைவர், வயசு ஐம்பது இருக்கும், அவருடைய அக்கா வீடும் இடிந்திருந்தது, 14 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். பாதி ஏற்றும்போது, மீதி இறக்கினபிறகு என்று அவரே சொன்னார். ஆகவே வண்டி எடுக்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: வண்டியைக் கண்ணால் பார்க்காமல், நம்பர் பிளேட்டையும் டிரைவர் லைசென்ஸையும் படம் பிடிக்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அந்த ஊருக்கே திரும்பிப் போகும் வண்டியாகப் பாருங்கள். கூலியும் குறையும், பாதையும் ஆளும் தெரிந்த டிரைவர் கிடைப்பார், வழியில் அது எவ்வளவு பெரிய பலம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை கிளம்பினோம். எக்ஸ்பிரஸ் சாலையில் வெடிப்பு, அதனால் பழைய ரோடு. பெகு, தௌங்கு, யமேதின், பியோப்வே, மெய்த்திலா, சௌக்சே. பெகுவைத் தாண்டும்போது டிரைவர் சொன்னார், இந்த நிலநடுக்கப் பிளவு சகாயிங்கிலிருந்து நேர் தெற்கே நம் காலடியில்தான் வருகிறதாம். உண்மைதான், இந்தத் தடவை 400 கிலோமீட்டருக்கும் மேலே பிளந்திருக்கிறது. 1930 மே மாசம் பெகுவில் ஐந்நூறு பேர் செத்ததும் இதே பிளவால்தான். யாங்கோனில் இருக்கிற நம் ஆட்கள் ‘அது மேல் பர்மாச் சங்கதி’ என்று நினைப்பதால் இதைச் சொல்கிறேன். பழைய கட்டடங்களில் நாலாவது மாடியில் குடியிருக்கிறோம், படிக்கட்டில் சைக்கிளும் தண்ணீர்க் குடமும் அடைத்து வைத்திருக்கிறோம். நான் ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை எங்கள் படிக்கட்டைக் காலி பண்ணியது.

வழியில் சோதனைச் சாவடிகள், எங்கள் பேச்சில் ‘கேட்டு’. எண்ணிக்கை மறந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் யார், எங்கே, யாருக்கு, என்ன சாமான், யார் கொடுத்த கடிதம். என்னிடம் கடிதமே இல்லை. ஒரு இடத்தில் என் நீல அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உனக்கென்ன இங்கே வேலை” என்கிற மாதிரி ஒரு கேள்வி. அஞ்சு மணி நேரம் வெயிலில் நின்றோம், மருந்துப் பெட்டி ரெண்டு திரும்பி வரவில்லை. டிரைவர் மட்டும் இல்லாவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன். போகிறவர்கள் வார்டு அலுவலகத்தில் ஒரு பரிந்துரைக் கடிதம், சாமான் பட்டியல் நாலைந்து நகல், வாங்குகிற மடத்தின் அல்லது சங்கத்தின் பேரில் ஒரு கடிதம், இவ்வளவாவது கையில் வைத்திருங்கள். மருந்து தனியாகப் பட்டியல் போட்டு, சாதாரண மருந்தாக, கடை ரசீதோடு இருக்கட்டும். ராத்திரி எங்கே தங்கினாலும் அதிகாரிகளிடம் விருந்தாளிப் பட்டியலில் பேர் கொடுக்க வேண்டும், மறந்தால் நமக்கு வருவதைவிட இடம் கொடுத்தவருக்குத்தான் தலைவலி. போனில் இருப்பதையெல்லாம் முன்னாலேயே துடைத்துவிடுங்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனசு இல்லை.

பியோப்வேயைத் தாண்டும்போது அந்த டிரைவர்தான் மெதுவாகக் கேட்டார், “தங்கச்சி, அரிசி எதுக்கு இத்தனை மூட்டை? ஷ்வேபோ அரிசி சாப்பிட்டதில்லையா நீ?” எனக்குச் சுருக்கென்றது. நாடே கொண்டாடும் ஷ்வேபோ பவ்ஸன் அரிசி சகாயிங் பிரதேசத்தில்தான் விளைகிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிற மாதிரி, யாங்கோன் அரிசியை அரிசி விளைகிற மண்ணுக்கு, மூட்டைக்கு மூட்டை லாரி வாடகை கொடுத்து, நான் ஏற்றிக்கொண்டு போகிறேன். பருப்பு மண்டியில் ஆறு வருஷம் கணக்கு எழுதியவள் நான், எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது என் வேலை. அன்றைக்கு அது என் புத்திக்கு எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மாண்டலே. ஊரைப் பற்றி எழுதப் போவதில்லை, படங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அந்த வாடை மட்டும் படத்தில் வராது. மாண்டலேயில் ஒரு தேசியப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியராக இருந்தவர் அப்துல் ரசாக். தகப்பன் இந்திய முஸ்லிம், தாய் பர்மியப் பெண். பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சானோடு ஒரே அறையில் 1947 ஜூலை 19 அன்று சுடப்பட்டுச் செத்த மந்திரிகளில் ஒருவர். தியாகிகள் தினத்தன்று பள்ளியில் அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வரும். அந்த ஊருக்குள் நுழையும்போது அவரை நினைத்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் பாடம் சொல்லிக்கொடுத்த மனுஷர், ஊருக்குள் நின்று வேலை செய்தவர். நான் ரெண்டு நாள் லாரியில் வந்தவள்.

சனிக்கிழமை ஐராவதியைத் தாண்டினோம். 1934இல் கட்டிய பழைய ஆவா பாலம் தண்ணீருக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. 1942இல் வெள்ளைக்காரன் பின்வாங்கும்போது வெடி வைத்துத் தகர்த்த அதே பாலம், அதை அவன் தகர்ப்பதற்குச் சில நாள் முன்னால்தான் கொள்ளுத்தாத்தா அதன் மேல் நடந்து போனதாக வீட்டில் சொல்வார்கள். பக்கத்துப் புதுப் பாலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வண்டி விட்டார்கள். மூன்று மணி நேரம். வெயில் 40க்கும் மேலே, இரும்புக் கதவில் கை வைக்க முடியவில்லை. நான் குடிக்க என்று தனியாகத் தண்ணீர் எடுத்துவைக்கவில்லை, கொடுக்கக் கொண்டுபோன பாட்டிலை உடைத்துக் குடித்தேன். அப்போதே குற்றவுணர்ச்சி.

ஒரு மடத்து வளாகத்தில் இறக்கினோம். டிரைவரின் அக்கா ஊர் அது. வேப்பமரத்தடியில், பாயிலும் சாக்கிலும், முந்நூறு பேர் போல இருந்தார்கள். பெரிய பிக்கு வந்து பார்த்தார், முகத்தில் சலிப்பு இல்லை, களைப்புதான் இருந்தது. அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று ரெண்டு பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டடம் விரிசல், உள்ளே வைக்க முடியாது. ஏற்கெனவே வந்த அரிசி ஒரு பக்கம் குவிந்திருந்தது. சமைக்கப் பெரிய சட்டி மூன்றே மூன்று, விறகு இல்லை. அப்புறம் என் துணி மூட்டைகளை அவிழ்த்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்ட்டிக்குப் போடுகிற சட்டை, ஒற்றைக் கால் சாக்ஸ், ஜிப் போன ஜீன்ஸ், ஜரிகைப் புடவை. அங்கிருந்த பெண்கள் எல்லோரும் கைலி கட்டுகிறவர்கள். ஒரு வயசான அம்மா ஒரு குளிர்காலக் கோட்டைக் கையில் எடுத்து, அந்த வெயிலில், தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். என் கை பிடித்து, “தமீ, நல்ல துணி” என்றார், அதாவது ‘மகளே’. எனக்கு மனசு நோகக்கூடாதே என்று சொன்னது. வீடு போனவர், பேரனைப் பறிகொடுத்தவர், எனக்கு ஆறுதல் சொல்கிறார். அந்த ராத்திரி அதை நினைத்து நினைத்துத் தூக்கமே இல்லை.

தூங்காததற்கு இன்னொரு காரணம் மழை. ஏப்ரல் 5 ராத்திரி காற்றோடு மழை பிடித்தது. முந்நூறு பேருக்கு என்னுடைய ஆறு தார்ப்பாய். கைக்குழந்தை வைத்திருந்தவர்களுக்கு நாலு, மீதி ரெண்டு அடிபட்டவர்களுக்கு. ஒரு தார்ப்பாயின் மூலையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றேன், என் பக்கத்தில் ஒரு பன்னிரண்டு வயசுப் பெண் இன்னொரு மூலையைப் பிடித்திருந்தாள். அவள் கையை மாற்றி மாற்றிப் பிடித்தாள், ஒரு தடவைகூட விடவில்லை. விடிந்ததும் கணக்குப் போட்டேன். நூடுல்ஸுக்குப் போட்ட 8 லட்சத்துக்கு எத்தனை தார்ப்பாய் வந்திருக்கும், எத்தனை கொசுவலை வந்திருக்கும். கணக்கு எழுதுகிறவளுக்கு இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்க முடியாது.

அங்கே உண்மையில் என்ன தேவைப்பட்டது என்று அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டபோது ஒன்றொன்றாகச் சொன்னார்கள். தார்ப்பாய், கயிறு, கொசுவலை, பெரிய சட்டி, மாதவிடாய்த் துணி, உள்பாவாடை, பெண்கள் மறைவாகப் போக ஒரு கக்கூஸ். ஒரு வாரமாகப் பெண்கள் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறார்கள். இதை எந்த ஆணும் எழுதிய பட்டியலிலும் நான் பார்க்கவில்லை. கையில் மிச்சம் இருந்த பணத்துக்குத் தகரமும் மூங்கிலும் வாங்கலாம் என்று கிளம்பினால், என் பணமெல்லாம் போனுக்குள் இருந்தது. நெட்வொர்க் இல்லை, ஏ.டி.எம். முன்னால் வரிசை தெரு முனை வரை. கையில் இருந்தது 60,000 சாட். ஆகவே போகிறவர்கள் ரொக்கமாக, ஐந்நூறும் ஆயிரமுமாகச் சில்லறையாக, ரெண்டு மூன்று இடத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டுக்கு அங்கே மாற்றுக் கிடைக்காது.

திங்கட்கிழமை நான் விழுந்துவிட்டேன். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், நிற்க முடியவில்லை. மடத்தில் இருந்த ஒரே ஒரு நர்ஸ், தன் வீடும் இடிந்து தரையில் படுத்திருந்தவர், எனக்கு டிரிப் ஏற்றினார். நான் கொண்டுபோன ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை நானே குடித்தேன். ரெண்டு பேர் மாறி மாறி எனக்கு விசிறினார்கள். நீல அட்டையின் ‘விருந்தாளி’ என்ற வார்த்தை அப்போது ஞாபகம் வந்தது. சட்டம் என்னை விருந்தாளி என்கிறது என்று கோபப்பட்டு வந்தவள், அந்த மூன்று நாளும் அந்த மடத்தில் விருந்தாளியாகத்தான் இருந்தேன். அவர்கள் சமைத்தார்கள், நான் சாப்பிட்டேன். அவர்கள் படுக்க இடம் கொடுத்தார்கள், நான் படுத்தேன். வீட்டு மனுஷி என்றால் வந்ததும் அடுப்படிக்குப் போய் என்ன இருக்கிறது என்ன இல்லை என்று பார்த்திருப்பேன்.

பஸ்ஸில் ஊர் திரும்பினேன். ஏப்ரல் 11 பங்குனி உத்திரம், கோயிலில் எல்லோரும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அந்தப் பாராட்டு எனக்கு முள்ளாகக் குத்தியது. ராத்திரியே உட்கார்ந்து 64 லட்சத்துக்கும் கணக்கு எழுதி, 37 லட்சம் சாமான், 14 லட்சம் லாரி, 9 லட்சம் ஏமாந்தது, மீதி 4 லட்சத்தில் வழிச்செலவு போகக் கையில் நிற்பது இவ்வளவு என்று பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்பினேன். பெரும்பாலானவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், அந்த 9 லட்சத்தை நானே வைத்துக்கொண்டிருப்பேன் என்று நாலு பேரிடம் சொன்னார். அம்மா மூன்று நாள் வெளியே வரவில்லை. அஞ்சு மாசத்தில் என் சம்பளத்திலிருந்து அந்த 9 லட்சத்தையும் திருப்பிப் பொதுப்பணத்தில் போட்டேன். கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்று அண்ணன் சொன்னார். எனக்கு இருந்தது. பொதுப்பணம் வாங்குகிற தம்பி தங்கைகளே, முதல் நாளிலிருந்தே ரெண்டாவது ஆள் ஒருவர் கையெழுத்து இல்லாமல் ஒரு சாட்கூட எடுக்காதீர்கள். நேர்மையாக இருப்பது போதாது, நேர்மை தெரிய வேண்டும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு.

ஜூன் மாசம் மறுபடி போனேன். இந்தத் தடவை கையில் ஒரு பையும் ரெண்டு கடிதமும்தான். போவதற்கு முன்னால் ஒரு மாசம் அந்த நர்ஸ் அக்காவோடும் உள்ளூர் உதவிச் சங்கத்துப் பையன்களோடும் பேசிக்கொண்டே இருந்தேன். லைன் கிடைக்கும்போது ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். சேர்ந்தது 21 லட்சம்தான். தகரமும் மூங்கிலும் மோன்யுவா ரோட்டிலேயே வாங்கினோம், வீடு இடிந்த ஆட்களையே கூலிக்கு வைத்துக் கட்டினோம், அதனால் கூலிப் பணமும் அந்த ஊரிலேயே நின்றது. ஏழு குடிசை, ரெண்டு கக்கூஸ். கதவில் உள்தாழ்ப்பாள் வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள், தாழ்ப்பாள் வாங்க மட்டும் நான் தனியாகக் கடைக்குப் போனேன். 64 லட்சத்தில் நடக்காதது 21 லட்சத்தில் நடந்தது.

வெளிநாட்டுக்குப் போன நண்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடிப்போனவர்கள் என்று இங்கே சிலர் பேசுகிறார்கள், எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பாங்காக்கில் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற ஒரு பையன் முதல் தடவையும் ரெண்டாம் தடவையும் பணம் அனுப்பினான், அவன் அம்மாவுக்கு அனுப்பியதிலிருந்து பிரித்து. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அப்புறம் அதை எதிர்த்துத் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் தெருவில் தட்டும் சட்டியும் தட்டினோமே, அப்போது என் பக்கத்து பால்கனியில் நின்று தட்டியவன் அவன். இங்கே இருப்பதற்கும் அங்கே இருப்பதற்கும் நடுவில் யாருக்குப் பற்று அதிகம் என்று அளக்க எந்தத் தராசும் என்னிடம் இல்லை. வெளியில் இருக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெரிய தொகையாக ஒரு தடவை அனுப்பி மறந்துவிடாமல், ஒரு கிராமம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆள் என்று பிடித்துக்கொண்டு மாசம் ஐயாயிரம் பத்தாயிரம் சாட் என்றாலும் அனுப்புங்கள். நிலநடுக்கம் நடந்த மாசம் எல்லோரும் வந்தார்கள். நாலாவது மாசம் மழையில் சேறாகக் கிடந்தபோது யாரும் வரவில்லை.

மாமாவோடு இன்னமும் வாக்குவாதம் நடக்கிறது. அவர் நீல அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டி, “இத மாத்தச் சொல்லு மொதல்ல” என்பார். அவர் கேட்பதும் நியாயம்தான், அதற்கும் ஒரு நாள் மனு எழுதிக்கொண்டு போய் நிற்கப் போகிறேன். போன மாசம் அவரே வந்து, கடையில் மிஞ்சிய தகர ஆணி ஒரு டப்பா இருக்கிறது, அந்த நர்ஸ் பொண்ணுக்கு வேண்டுமா என்று கேளு என்றார். கேட்டேன். ஆணி வேண்டாமாம், இருக்கிறதாம். பிள்ளைகள் மறுபடி பள்ளிக்கூடம் போகிறார்களாம், மழைக்கோட்டு இருந்தால் பதினெட்டு, சின்னது பதினொன்று, பெரியது ஏழு.